ஓட வைக்கும் கல்

இரவு பதினொன்றரை மணி. கடைசிக் கூடைக் கோப்பைகளும் இயந்திரத்துக்குள் போய் வெளியே வந்துவிட்டன. அந்தக் கூடையின் மூலையில் ஒரு கல்லையும் வைத்திருந்தேன். சூட்டோடு அதை எடுத்துக் குளிர்ந்த தண்ணீர்க் குழாயின் கீழே பிடித்தேன். 'டிக்' என்று ஒரு சிறு சத்தம். கையில் இரண்டு துண்டுகள்.

"என்ன தம்பி, இப்ப கல்லையும் அவிச்சுப் பாக்கிறீரோ?" என்று அடுப்படியில் நின்ற அண்ணை சிரித்தார். அவர் வவுனியாப் பக்கத்தவர். இந்தக் குசினியில் என்னைவிடப் பன்னிரண்டு வருடம் மூத்தவர். சிரிக்கும்போது கையால் வாயை மறைத்துக்கொள்வது அவருடைய பழக்கம். அந்தக் கைக்கும் என் கையிலிருந்த கல்லுக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது என்பது அன்று எனக்குத் தெரியாது.

சுவிஸ் கிராமமொன்றின் கனிமச் சந்தையில் 12 பிராங் கொடுத்து வாங்கிய கல் அது. பட்டை தீட்டாத பச்சைக் கல். ஒரு பக்கம் பாசிப் பச்சை, மறுபக்கம் கத்தரிப்பூ நிறம். இடுக்குகளில் மண் ஒட்டியிருந்ததால்தான் கழுவ நினைத்தேன். உடைந்த பக்கத்தைப் பார்த்தபோது ஆச்சரியமாக இருந்தது. கருங்கல்லைப்போல் கரடுமுரடாக அது உடையவில்லை. யாரோ வாளால் சீவி, எண்ணெய் தடவி வைத்ததைப்போல் மினுங்கியது. 2008இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் இரண்டாம் வருடத்தோடு நின்றுபோன என் இரசாயனவியல் எங்கோ ஓரத்தில் விழித்துக்கொண்டது. இது புளோரைற்று. கல்சியம் புளோரைட்டு. கல்சியம் ஒன்றுக்குப் புளோரீன் இரண்டு.

அன்றிலிருந்து லீவு நாட்களில் நூலகங்களிலும் நூதனசாலைகளிலும் இந்தக் கல்லின் சரித்திரத்தைத் தேடித் திரிந்தேன். தேடியதில் கிடைத்தவற்றை எம்மவரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன். நான் பட்டதாரி அல்ல. ஆனால் இந்தக் கல்லின் கதை பாதிக்குமேல் குசினிக்குள்தான் நடக்கிறது. அந்த இடம் எனக்குத் தெரிந்த இடம்.

*

முதலில் கல்லின் சுபாவம். புளோரைற்றின் பளிங்கு பெரும்பாலும் சதுரமுகியாக, அதாவது தாயக்கட்டை வடிவில் வளரும். உடையும்போது வேறு வழியில் உடையும். உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையில் நான்கு திசைகளில் பிணைப்பு நலிந்த தளங்கள் உண்டு. அவை சதுரமுகியின் மூலைகளைச் சீவும் தளங்கள். எட்டு மூலைகளையும் சீவிக்கொண்டே போனால் கையில் மிஞ்சுவது எண்முகி. வளர்ந்த வடிவம் ஒன்று, உடைந்தபின் மிஞ்சும் வடிவம் இன்னொன்று.

கடினத்திலும் இது நடுத்தரம். கனிமங்களின் கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை வரிசைப்படுத்தும் முறையைப் பிரீட்ரிஷ் மோஸ் என்னும் ஜேர்மானியர் 1812இல் வகுத்தார். வைரத்துக்கு 10, நகத்தால் கீறக்கூடிய ரல்க்குக்கு 1. நான்காம் படிக்கு அவர் வைத்த அளவுக்கல்லே புளோரைற்றுத்தான். கத்தி கீறிவிடும். எங்கள் பல்லின் மிளிரிகூட ஏறத்தாழ 5. அதாவது மனிதப் பல் இந்தக் கல்லைவிடக் கடினமானது. இந்தச் சின்ன விபரத்தை நினைவில் வைத்திருங்கள், மீண்டும் வரும்.

சூடேறினால் சாதாரண கண்ணாடியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆகவே எண்பது பாகைச் சூட்டிலிருந்து குழாய்த் தண்ணீருக்கு மாற்றிய எனது முட்டாள்தனத்துக்கு, தன் நலிந்த தளத்தில் பிளந்து அது பதில் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

*

இந்தக் கல்லுக்குப் பெயர் வைத்தவர்கள் சுரங்கத் தொழிலாளர்கள். ஜேர்மன் மொழியில் இதை 'புளுஸ்ஸ்பாட்' என்பார்கள். 'புளுஸ்' என்றால் ஓட்டம், ஆறு. லத்தீனிலும் ஓடுதல் என்ற பொருள்தரும் வேர்ச்சொல்லிலிருந்தே 'புளோர்' வந்தது. இன்றைய சாக்சனிக்கும் செக் நாட்டுக்கும் இடையிலுள்ள தாதுமலைகளில் வெள்ளியும் செம்பும் உருக்கியவர்கள் இந்தக் கல்லைத் தூளாக்கி உலையில் போட்டார்கள். தாதுவோடு கலந்திருக்கும் மணற்கல்லும் மண்ணும் லேசில் உருகாமல் கூழாக நிற்கும். இதைச் சேர்த்தால் அந்தக் கூழ் குறைந்த சூட்டில் இளகித் தண்ணீர்போல் ஓடும். உலோகம் அடியில் தங்கும். உலோகத்தை எடுத்துக்கொண்டு கசடை வெளியே கொட்டுவார்கள். கல்லும் கசடோடு போய்விடும். இதுவே அதன் வேலை. மற்றதை ஓடவைத்துவிட்டுத் தான் குப்பைக்குப் போவது.

யோகிம்ஸ்ரால் என்னும் சுரங்க நகரத்தில் வைத்தியராக இருந்த கியோர்க் அக்ரிகோலா, தொழிலாளர் வாயிலிருந்த இந்தப் பெயரை லத்தீனாக்கி எழுத்தில் பதிந்தார். 'பெர்மானுஸ்' என்ற அவருடைய நூல் 1530இல் அச்சானது. அச்சடிக்கப்பட்ட இடம், எம்மில் பலர் வேலைக்குப் போய்வரும் இதே பாசல் நகரம். வைத்தியர்களும் சுரங்கம் அறிந்த ஒருவரும் பேசிக்கொள்வதாக எழுதப்பட்டது அது. வைத்தியர்கள் கிரேக்க நூல்களைப் படித்தவர்கள். ஆனால் கண்முன் கிடக்கும் கல்லுக்குப் பெயர் சொல்பவர் சுரங்கம் அறிந்தவர்தான். நூலின் தலைப்பே அவர் பெயர். அக்ரிகோலாவைக் 'கனிமவியலின் தந்தை' என்கிறார்கள். அவருக்குச் சொல்லைக் கொடுத்த தொழிலாளர் எவருடைய பெயரும் எங்களிடம் இல்லை.

*

அக்ரிகோலாவுக்கு ஆயிரத்தைந்நூறு வருடம் முன்னரே இது வேறொரு பெயரில் அரச மாளிகைகளில் இருந்தது. கி.மு. 61இல் பொம்பேயுஸ் கிழக்கை வென்று ரோமுக்குத் திரும்பியபோது 'மிர்ரா' என்ற ஒருவகைக் கல் கிண்ணங்களை முதன்முதலாகக் கொண்டுவந்தான் என்று மூத்த பிளினி எழுதினார். ஊதாவும் வெள்ளையும் வரிவரியாகச் சுழன்றோடும் கிண்ணங்கள் அவை. பார்த்தியப் பேரரசின் நிலங்களிலிருந்து வந்தவை. அவை புளோரைற்றே என்பது இன்று ஆய்வாளர்களில் பெரும்பாலானோரின் கருத்து. துருக்கியில் முதலாம் உலகப்போரின்போது ஒரு கல்லறையிலிருந்து எடுக்கப்பட்ட இரண்டு ரோமானியப் புளோரைற்றுக் கிண்ணங்கள் இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூதனசாலையில் இருக்கின்றன. லண்டனிலுள்ள வாசகர்கள் ஒருமுறை போய்ப் பார்க்கலாம்.

பிளினி சொல்லும் விலைகள் தலைசுற்ற வைக்கும். நீரோ மன்னன் ஒரு கிண்ணத்துக்குப் பத்து லட்சம் செஸ்ரெர்ஸ் கொடுத்தான். பெற்றோனியஸ் என்ற பிரபு சாகும் தறுவாயில், தனது மூன்று லட்சம் பெறுமதியான கரண்டிப் பாத்திரத்தை நீரோவின் கையில் சேரக்கூடாது என்று உடைத்துப் போட்டான். இன்னொரு பெரியமனிதர் எழுபதாயிரத்துக்கு வாங்கிய கிண்ணத்தின்மீது கொண்ட மோகத்தில் அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக் கறம்பிவிட்டாராம். இரண்டாயிரம் வருடம் கழித்து இந்தக் கடிதான் சாட்சியாக நிற்கிறது. பல்லுக்குக் கடிபடும் அழகான கல் எது? கடினம் 5 ஆன பல்லுக்கு, கடினம் 4 ஆன புளோரைற்றுக் கடிபடும். குவார்ட்ஸ் என்றால் பல்தான் உடைந்திருக்கும்.

*

பேர்ணிலிருந்து இன்ரலாக்கன் வழியாகப் பிரியன்ஸ் ஏரிக்கு ரயிலில் போகலாம். எங்கள் ரெஸ்ரோறண்ட் பூட்டும் ஒரு திங்கட்கிழமை போனேன். ஏரியின் கிழக்கு முனைக்கப்பால் பள்ளத்தாக்கின் தென்புறத்தில் ஓல்ற்சி அருவி விழுகிறது. அதற்கு மேலே மாடுகள் மேயும் ஓல்ற்சேரன் மலைமேய்ச்சல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தண்ணீரைப்போல் தெளிந்த, நிறமேயில்லாத புளோரைற்று அகப்பட்டது. மலைவாசிகளுக்கு அது வெறும் அழகுக் கல். ஜேர்மனியின் யேனா நகரத்திலிருந்த ஏர்ன்ஸ்ற் அபேக்கு அது வேறாகத் தெரிந்தது.

கண்ணாடி வில்லைக்கு ஒரு பிறவிக்குணம் உண்டு. வெள்ளை ஒளியை வளைக்கும்போது நீலத்தைக் கூடுதலாகவும் சிவப்பைக் குறைவாகவும் வளைக்கும். அதனால் நுணுக்குக்காட்டியில் தெரியும் உருவைச் சுற்றி வர்ணக் கரை படியும். புளோரைற்று இந்த வர்ணப்பிரிகையை மிகக் குறைவாகவே செய்யும். கண்ணாடி வில்லைகளோடு ஒரு புளோரைற்று வில்லையைச் சேர்த்துப் பல நிறங்களை ஒரே புள்ளியில் குவியவைத்த அபேயின் நுணுக்குக்காட்டி வில்லைகள் 1886இல் வெளிவந்தன. அந்தக் கல்லைத் தேடி அவர் பார்த்த மலை இதுதான். பின்னாளில் இயற்கைக் கல் போதாமல் போக, செயற்கையாகப் பளிங்கை வளர்த்தார்கள். 1969இல் யப்பானின் கனொன் நிறுவனம் அப்படி வளர்த்த புளோரைற்றைக் கமெரா வில்லையில் வைத்தது. இங்கும் கல்லின் வேலை பழையதுதான். தான் தெரியாமல் நின்று மற்றதைத் தெளிவாகக் காட்டுவது.

ஒளியைப் பற்றி இன்னொரு செய்தி. கழியூதாக் கதிர் பட்டால் சில புளோரைற்றுகள் நீலமாக ஒளிரும். 1852இல் கேம்பிரிட்ஜின் ஸ்ரோக்ஸ் இந்த ஒளிர்வை ஆராய்ந்தபோது, கல்லின் பெயரிலிருந்தே அதற்குப் பெயரெடுத்தார். அதுதான் 'புளோரொளிர்வு'. பணத்தாளின் கள்ளத்தைப் பிடிக்கும் விளக்கும், எங்களின் விசா அட்டையை அதிகாரி பிடித்துப் பார்க்கும் விளக்கும் அந்தச் சொல்லின் பிள்ளைகள்.

*

அதே 1886. பாரிஸ். கல்லுக்குள் அடைபட்டிருந்த மூலகத்தைத் தனியே எடுக்க அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பலர் முயன்று தோற்றிருந்தார்கள். புளோரீன் எதைத் தொட்டாலும் தின்னும். கண்ணாடியையும் பெரும்பாலான உலோகங்களையும் விடாது. அயர்லாந்தின் நொக்ஸ் சகோதரர்கள் நஞ்சேறிப் படுக்கையில் விழுந்தார்கள். பெல்ஜியத்தின் லூயேயும் பிரான்சின் நிக்லேயும் உயிரையே விட்டார்கள். 1886 யூன் 26ஆம் திகதி ஹென்றி மொய்சான் அதைப் பிரித்தெடுத்தார். பிளாற்றினத்தால் ஒரு வளைகுழாய் செய்து, அதைக் கடுங்குளிரில் வைத்து, மின்பகுப்பு நடத்தினார். குழாயின் வாயை அடைக்க அவர் எதைப் பாவித்தார் தெரியுமா? புளோரைற்றுக் கல்லைச் சீவிச் செய்த அடைப்பான்களை. ஏற்கெனவே புளோரீன் நிரம்பிய கல்லைப் புளோரீன் தின்னாது.

மொய்சானுக்கு 1906இல் நோபல் பரிசு கிடைத்தது. 1907 பெப்ரவரியில் ஐம்பத்துநான்கு வயதில் காலமானார். பவேரியாவின் வோல்சென்டோர்ப் சுரங்கத்தில் ஒரு கரிய புளோரைற்று உண்டு. உடைத்தால் மூக்கைத் துளைக்கும். தொழிலாளர்கள் அதை 'நாற்றக் கல்' என்றார்கள். கூடவே இருக்கும் யுரேனியத்தின் கதிர்வீச்சு கல்லுக்குள்ளேயே புளோரீன் வாயுவைப் பிரித்து வைத்திருக்கிறது என்பதை மியூனிக் விஞ்ஞானிகள் 2012இல்தான் ஐயமற நிறுவினார்கள். தொழிலாளரின் மூக்குக்கு அது எப்போதோ தெரிந்திருந்தது.

*

இனி குசினிக்குள் வாருங்கள்.

இருபது கிலோ உருளைக்கிழங்கு அவியும் அலுமினியக் கிடாரம். அலுமினியத் தாதை மின்சாரத்தால் பிரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டதும் அந்த 1886இல்தான். அலுமினிய ஒட்சைட்டைக் கரைக்கும் உருகிய குளம் ஒரு புளோரீன் சேர்வை. ஆரம்பத்தில் கிறீன்லாந்தின் கிரயோலைற்றைப் பாவித்தார்கள். பிறகு புளோரைற்றிலிருந்து செய்தார்கள். ஒட்டாத தாச்சி. அதன் கறுப்புப் பூச்சான ரெஃப்லோன் 1938இல் அமெரிக்காவில் தற்செயலாகக் கிடைத்தது. அதன் தாய்ப்பொருள் ஐதரோபுளோரிக்கமிலம், அந்த அமிலத்தின் தாய் இந்தக் கல். குளிரூட்டி. அதற்குள் ஓடிய பிறியோன் வாயுவும் இதே வம்சம். அது ஓசோன் படையை அரிப்பது தெரிந்து 1987இல் மொன்றியல் உடன்படிக்கை வந்தது. ரெஃப்லோன் செய்யத் துணைக்குப் பாவித்த ஓர் அமிலம் உலகெங்கும் மனித இரத்தத்தில் கலந்துவிட்டது. அதைத் தடைசெய்ய 2019இல் உலக நாடுகள் தீர்மானித்தன.

உலை வைத்த இடத்திலும் விலை கொடுத்திருக்கிறார்கள். வலே மாநிலத்தில் அலுமினியத் தொழிற்சாலைகளின் புளோரீன் புகை அப்ரிக்கொட் தோட்டங்களைக் கருக்கியது. 1970களின் பிற்பகுதியில் விவசாயிகள் தொழிற்சாலைகளோடு மல்லுக்கு நின்றார்கள். 'புளோர் யுத்தம்' என்றே அதை இங்கே சொல்வார்கள். கல் தோண்டிய இடமோ இன்னும் தூரம். கென்யாவின் கேரியோ பள்ளத்தாக்கில் 1970களில் சுரங்கத்துக்காகக் காணிகளை இழந்த மக்கள், நட்டஈடு கேட்டுப் பல பத்தாண்டுகள் அலைந்தார்கள். 2016இல் அங்கே வேலை நின்றபோதும் அவர்கள் வழக்கு நின்றபாடில்லை. கசடோடு கொட்டப்பட்ட இந்தக் கல்லை ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் தனது முக்கிய மூலப்பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. கல்லுக்குப் பட்டியலில் இடம் கிடைத்துவிட்டது. காணி இழந்தவர்களைப் பற்றி எந்தப் பட்டியலிலும் நான் காணவில்லை.

*

குசினியில் மிஞ்சியிருப்பது உப்பு. சுவிஸ் கடைகளில் வாங்கும் உப்புப் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் புளோரைட்டு சேர்க்கப்பட்டிருக்கும். பற்சூத்தையைத் தடுக்க இந்த நாடு 1955இலிருந்து கைக்கொள்ளும் வழி அது. பாசல் நகரம் 1962 முதல் 2003 வரை குழாய்த் தண்ணீரிலேயே கலந்தது. அளவோடு இருந்தால் புளோரைட்டு பல்லை இறுக்கும். அளவு மீறினால், பல் முளைக்கும் பருவத்துக் குழந்தைகளின் மிளிரியில் வெள்ளைப் புள்ளியும் கபிலக் கறையும் விழும்.

எங்கள் நாட்டின் வரண்ட வலயத்தில் நடப்பது இந்த இரண்டாவது. பாறைகளிலுள்ள புளோரைற்று, அப்பற்றைற்று, மைக்கா போன்ற கனிமங்களிலிருந்து புளோரைட்டு மெல்லமெல்லக் கரைந்து நிலத்தடி நீருக்கு வருகிறது. மழை குறைவு, வெயில் அதிகம். நீர் ஆவியாக, உப்பு செறிகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேலெல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். அநுராதபுரம், வவுனியாப் பகுதிகளின் பல குழாய்க்கிணறுகள் அந்த எல்லையைத் தாண்டுகின்றன. தமிழ்நாட்டின் தர்மபுரியிலும் இதே துயரம். அங்கு ஒகேனக்கலிலிருந்து ஆற்றுநீரைக் கொண்டுவரும் திட்டம் 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது.

இதை வாசித்த அன்றிரவு அண்ணையிடம் மெதுவாகக் கேட்டேன். "அண்ணை, சின்னனில எந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சனீங்கள்?"

"குழாய்க்கிணறு தம்பி. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில. ஏன் கேக்கிறீர்?"

சொன்னேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு பல்வைத்தியர் அவருடைய பல்லின் கபிலக் கறையைப் பார்த்து, 'உங்கள் நாட்டில் பல் துலக்கும் பழக்கம் இல்லையா?' என்று கேட்டாராம். மொழி போதாமல் அவர் தலையாட்டிவிட்டு வந்தாராம். அதற்குப் பிறகுதான் கை வாய்க்குப் போகத் தொடங்கியிருக்கிறது. இருபது வருடம்.

"அப்ப அது ஊத்தை இல்லை?"

"இல்லை அண்ணை. அது உங்கட ஊர்க் கல்லு."

அவர் கொஞ்சநேரம் பேசாமல் அடுப்பைத் துடைத்தார். "எங்கட வகுப்பில எல்லாப் பிள்ளையளுக்கும் இருந்தது" என்று பிறகு சொன்னார்.

*

இந்தக் கல்லை வைத்திருக்க விரும்புவோருக்கு, நான் பட்டறிந்த சில குறிப்புகள். இளஞ்சூட்டுத் தண்ணீரிலும் மென்மையான பல்துலக்கியிலும் மட்டும் கழுவுங்கள். சுடுநீரும் உடனடிக் குளிரும் வேண்டாம். வினாகிரியோ எந்த அமிலமோ கிட்ட வரக்கூடாது. கடும் அமிலம் பட்டால் வருவது மொய்சானுக்கு முந்தியவர்களைக் கொன்ற அதே நஞ்சு. சில கல்லின் நிறம் வெயிலில் வெளிறும், ஆகவே யன்னலோரம் தவிருங்கள். குவார்ட்ஸ் போன்ற கடினக் கற்களோடு ஒரே பெட்டியில் போட்டால் கீறுபடும். பஞ்சுத்துணியில் தனியே சுற்றி வையுங்கள். அரைத்துத் தூளாக்க வேண்டாம், தூசு சுவாசத்துக்குக் கூடாது. மன அமைதிக்கு என்று சொல்லி விற்பவர்கள் தண்ணீரில் ஊறவைத்துக் குடிக்கச் சொல்வார்கள். குடிக்காதீர்கள். தண்ணீரோடு கரைந்த இந்தக் கல் என்ன செய்யும் என்பதை மேலே எழுதிவிட்டேன். கையில் எடுத்துப் பார்ப்பதால் ஒரு கெடுதியும் இல்லை.

உடைந்த துண்டு இரண்டையும் ஒட்டவில்லை. பெரியது என் அறையில் இருக்கிறது. சின்னதை அண்ணை கேட்டு வாங்கிக்கொண்டார். அடுப்புக்கு மேலே மசாலாப் போத்தல்களுக்குப் பக்கத்தில் வைக்கப் போனார். அங்கே சூடு என்று சொல்லி, குளிர்ந்த பக்கத்துத் தட்டுக்கு மாற்றி வைத்தோம்.